பசி ஏறாத மலை

நம் ஊரில் பசிக்கு நல்ல பெயர் கிடையாது. காய்ச்சல், இருமல், கண்வலி முதலியவை உட்கார்ந்திருக்கும் வரிசையிலே அதற்கும் ஒரு பலகையைப் போட்டு, 'பசிப்பிணி' என்று பெயர் சூட்டி உட்கார்த்தி வைத்திருக்கிறோம். அந்தப் பிணிக்கு மருந்து கொடுத்தவர்களையே வள்ளல்கள் என்று கொண்டாடியிருக்கிறோம். சத்திரம் கட்டியவனுக்குச் சிலை வைக்காவிட்டாலும் அவன் பெயரைத் தெருவுக்காவது வைத்திருக்கிறோம். பசி என்றால் தீர்க்கப்பட வேண்டியது. அதைப் பற்றி வேறு விதமாக நினைத்துப் பார்க்க நமக்கு அவகாசம் இருந்ததில்லை.

மணிமேகலையில் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் கதை வருகிறது. பொதிய மலைப் பக்கம் ஓர் ஆற்றங்கரையில் விருச்சிக முனிவர் ஒரு நாவற்பழத்தை இலையில் வைத்துவிட்டு நீராடப் போகிறார். 12 ஆண்டுகளுக்கு ஒரு தடவை பழுக்கிற கனி அது. தின்றால் 12 ஆண்டுகளுக்குப் பசியே எடுக்காது. காயசண்டிகை தெரியாமல் அதைக் காலால் சிதைத்துவிடுகிறாள். முனிவர் சபிக்கிறார். அன்றிலிருந்து அவளுக்கு யானைத்தீ என்ற அடங்காப் பசி. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் ஆறாத பசி. கடைசியில் மணிமேகலையின் அட்சய பாத்திரத்துச் சோறுதான் அதை ஆற்றுகிறது.

பள்ளிக்கூடத்து நாட்களில் இந்தக் கதையைப் படித்தபோது எனக்குக் காயசண்டிகையின் மேல் இரக்கம் உண்டானது உண்மைதான். ஆனால் அதைவிட அதிகமாக அந்த முனிவரின் மேல் பொறாமை உண்டாயிற்று. ஒரு பழம், 12 வருஷம், பசி இல்லை! மாசக் கடைசியில் அரிசிப் பானையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டு வளர்ந்த எந்தப் பையனுக்கும் அது ஒரு பெரிய வரமாகத்தான் தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்தின் அடிவாரத்தை நோக்கி நடந்தபோது, அந்த நாவற்பழத்தை நானும் கொஞ்சம் ருசி பார்த்தேன். முனிவர்மேல் இருந்த பொறாமை அன்றோடு போயிற்று.

மூன்று பேராகப் போனோம். நான், என் தங்கை மகன், என் பால்ய நண்பன் ஒருவன். தங்கை மகன் டாக்டர், இளைஞன். நண்பன் ஒரு பாங்கியில் அதிகாரி. அவனைப் பற்றி ஒரே ஒரு விவரம் சொன்னால் போதும். எங்கள் வட்டாரத்தில் கல்யாணம் என்றால் சமையற்காரர் முதலில் கேட்கிற கேள்வி, "அவர் எந்தப் பந்தியில் உட்காருகிறார்?" என்பதுதான்.

லுக்லா என்ற ஊரில் விமானம் இறங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,860 மீட்டர். அங்கிருந்து நடைதான். முதல் இரண்டு மூன்று நாட்கள் எங்கள் பசியைப் பார்த்து நாங்களே பயந்துபோனோம். குளிரும், ஏற்றமும், பைன் மரக் காற்றும் சேர்ந்து வயிற்றுக்குள் ஓர் அடுப்பை மூட்டிவிட்டன. நேபாளத்தில் சோறும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சாப்பாட்டைத் 'தால் பாத்' என்கிறார்கள். தட்டுக் காலியானால் விடுதிக்கார அம்மாள் கேட்காமலே மறுபடியும் சோற்றை வைத்துப் பருப்பை ஊற்றுவாள். அதற்குத் தனிக் காசு கிடையாது. இந்தச் செய்தியை அறிந்தபோது நண்பன் முகத்தில் தோன்றிய ஒளியை அப்புறம் எந்தப் பனிச் சிகரத்தின் மீதும் நான் காணவில்லை. 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரில் அவன் நான்கு தடவை சோறு வாங்கிக்கொண்டான்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு ஷெர்ப்பா. ஐம்பதை நெருங்கும் பிராயம். நேபாள மொழியில் அண்ணனைத் 'தாய்' என்று அழைக்கிறார்கள். முதல் எழுத்தைச் சற்று மெதுவாக உச்சரிக்க வேண்டும். தமிழ் நாக்குக்கு அது வருமா? நேராகத் தாயாகவே வந்து விழுந்தது. ஆகவே அந்த முரட்டு மனிதரைப் பத்து நாட்களும் நாங்கள் "தாய், தாய்" என்றே கூப்பிட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தோம். அவரும் அதற்குக் குறைவில்லாமல்தான் நடந்துகொண்டார். சாப்பிடும்போது எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். தட்டைப் பார்ப்பார். காரணம் கேட்டதற்கு, "முகம் பொய் சொல்லும், தட்டு சொல்லாது" என்று தமக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னார்.

4,410 மீட்டரில் டிங்போச்சே என்ற கிராமம். அங்கே போய்ச் சேர்ந்த அன்று மாலை மூவருக்கும் ஒரே சமயத்தில் அந்த விஷயம் தெரிந்தது. ஐந்து மணி நேரம் நடந்திருந்தோம். கால்கள் ஓய்ந்திருந்தன. உடம்பு முழுவதும் சோர்வு. எல்லாம் இருந்தது, பசி மட்டும் இல்லை. அடுப்பில் வெண்ணெய் காயும் வாசனை வந்தது. கீழே அந்த வாசனைக்கு எழுந்து ஓடியிருப்போம். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டோம். வாயில் போட்ட பிஸ்கோத்து சாக்குக்கட்டி மாதிரி நின்றது.

"இதென்ன கணக்கு?" என்றான் நண்பன். "செலவு இவ்வளவு ஆகியிருக்கிறது. வரவு வேண்டும் என்று ஒரு விண்ணப்பம்கூட வயிற்றிலிருந்து வரவில்லையே!"

தங்கை மகன் விளக்கினான். கடற்கரையில் உள்ள காற்றிலும் மலை உச்சியில் உள்ள காற்றிலும் பிராணவாயுவின் விகிதம் ஒன்றேதான்: நூற்றுக்கு 21 பங்கு. ஆனால் உயரே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டரில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மூச்சில் கிடைக்க வேண்டிய பிராணவாயுவுக்கு அங்கே இரண்டு மூன்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த மூச்சு வாங்கலே ஓர் உழைப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு கீழே செலவிடுவதைவிட அதிகமாகச் செலவிடுகிறது. ஏற்றமும் குளிரும் அதற்கு மேல்.

"அப்படியானால் பசி கூட அல்லவா வேண்டும்?" என்றேன்.

"அதுதான் இல்லை, மாமா. இரைப்பையிலிருந்து கிரெலின் என்று ஒரு சுரப்பு ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ப் பசிக்கிறது என்று சொல்லும். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. பிராணவாயு குறைந்தால் அந்தச் சுரப்பும் குறைந்துபோவதைப் பல ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். போதாததற்குக் கடுமையாக உழைத்து முடித்த உடனே கொஞ்ச நேரத்துக்கு யாருக்குமே பசி மந்தமாகத்தான் இருக்கும். இங்கே இரண்டும் சேர்ந்துகொள்கின்றன."

அதாவது வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று எஜமானனிடம் சொல்ல வேண்டிய வேலைக்காரனே மயங்கிப் படுத்துவிட்டான். எஜமானன் ஒன்றும் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

குளிரினாலும் சமையல் சரியில்லாமையாலும் உண்டாகிற அருசி இது என்று முன்பு பலர் நினைத்ததுண்டு. அதை ஒரு விதமாகத் தீர்த்து வைத்தது 1985-இல் அமெரிக்காவில் மாஸசூஸட்ஸ் மாகாணத்து நாட்டிக்கில் நடந்த ஒரு பரிசோதனை. எட்டு இளைஞர்களை ஓர் இரும்பு அறைக்குள் விட்டு, 40 நாட்களில் சிறிது சிறிதாக உள்ளே இருந்த காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, எவரெஸ்ட் உச்சியில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பனி இல்லை, புயல் இல்லை. இதமான உஷ்ணம், வேண்டிய உணவு, வேண்டிய மட்டும். ஆறு பேர் கடைசி வரையில் தாக்குப் பிடித்தார்கள். முதலில் நாளொன்றுக்கு 3,136 கலோரி சாப்பிட்டவர்கள் கடைசியில் 1,789 கலோரிதான் சாப்பிட்டார்கள். சராசரி 7.4 கிலோ எடை குறைந்தது. விருந்து எதிரே இருந்தும் விரும்பவில்லை. குளிரின் மேலும் சமையற்காரன் மேலும் இருந்த பழி அன்றோடு கழிந்தது.

அந்தப் பரிசோதனையை நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் சார்லஸ் ஹூஸ்டன். அவருக்கும் மலைச் சாப்பாட்டுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1936-இல் நம் நந்தாதேவிச் சிகரத்தில், 7,816 மீட்டர் உச்சியை எட்டிப் பிடிக்கும் தூரத்தில், கடைசிக் கூடாரத்தில் இருந்தார் அவர். அங்கே சாப்பிட்ட டப்பா இறைச்சி கெட்டுப்போயிருந்தது. வாந்தியும் பேதியுமாகக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அவர் இடத்துக்குப் போன டில்மன், ஓடெல்லுடன் சேர்ந்து ஆகஸ்டு 29-ஆம் தேதி உச்சியில் நின்றார். ஒரு டப்பா இறைச்சி ஒருவருடைய சிகரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது! பின்னாளில் உயரத்தில் மனித உடம்பு என்ன ஆகிறது என்ற ஆராய்ச்சிக்கே ஹூஸ்டன் தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார்.

டிங்போச்சேயிலிருந்து பார்த்தால் அமா தப்லம் என்ற சிகரம் எதிரே நிற்கும். அதன் பக்கத்துப் பனிச்சரிவில், 5,800 மீட்டரில், 1960-61 குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக் கூண்டு போன்ற குடிசையை அமைத்து விஞ்ஞானிகள் சிலர் மாதக்கணக்கில் தங்கினார்கள். எட்மண்ட் ஹில்லரி தலைமையில் வந்த குழு அது. ஆராய்ச்சிக்குத் தலைவர் கிரிஃபித் பியூ. நன்றாகச் சாப்பிட்டு, வேலை செய்து, பனிச்சறுக்கு விளையாடியும்கூட அவர்கள் உடம்பு வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தது. மனிதன் அந்த உயரத்தில் விருந்தாளியாகத் தங்கலாமே ஒழியக் குடித்தனம் செய்ய முடியாது என்று தெரிந்தது.

இந்த பியூ 1953-ஆம் வருஷத்து எவரெஸ்ட் குழுவிலும் இருந்தவர். அவர் செய்த காரியத்தின் அருமை புரிய வேண்டுமானால் அதற்கு முந்தின வருஷத்துக்குப் போக வேண்டும். 1952 மே மாதம், ஸ்விட்ஸர்லாந்துக் குழுவைச் சேர்ந்த லாம்பெர்ட்டும் நம் டென்ஸிங்கும் 8,400 மீட்டரில் ஒரு கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். அடுப்பு இல்லை. படுக்கைப் பைகூட இல்லை. ஒரு மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியைக் காய்ச்சி, கிடைத்த மிடறுத் தண்ணீரை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் உச்சிக்குச் சுமார் 250 மீட்டர் இருக்கும்போது திரும்பினார்கள். உயரத்தின் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே உடம்பு நீரை இழக்கிறது. தாகமோ பசியைப் போலவே ஊமையாகிவிடுகிறது. ஆகையால் ஒவ்வொருவரும் தினம் மூன்று நான்கு லிட்டராவது குடித்தாக வேண்டும், அதற்கு வேண்டிய அடுப்பும் எண்ணெயும் உச்சிக் கூடாரம் வரையில் போக வேண்டும் என்று பியூ வற்புறுத்தினார்.

1953 மே 28 இரவு, அதே டென்ஸிங், இந்தத் தடவை ஹில்லரியுடன், சுமார் 8,500 மீட்டரில் கடைசிக் கூடாரத்தில் இருந்தார். இப்போது அடுப்பு இருந்தது. சூடான எலுமிச்சை ரசத்தில் சர்க்கரையைக் கொட்டிக் கொட்டிக் குடித்தார்கள். பிஸ்கோத்தின் மேல் மத்தி மீன், பேரீச்சம்பழம், ஜாம், தேன், உறைந்துபோன வாதுமைப்பழ டப்பா ஒன்று. மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு உச்சி. அங்கே டென்ஸிங் பனியில் ஒரு சிறு குழி தோண்டிச் சாக்லேட்டும் பிஸ்கோத்தும் மிட்டாயும் வைத்துத் தெய்வத்துக்குப் படைத்தார். மெழுகுவர்த்திக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம்தான் அந்த 250 மீட்டர் என்று சொன்னால் அது முழுவதும் உண்மையாகாது. கருவிகள், வானிலை என்று வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனால் அதில் ஒரு பங்கு அடுப்புக்கு உண்டு.

எங்கள் கதைக்கு வருகிறேன். டிங்போச்சேக்கு அடுத்து லோபுச்சே, 4,940 மீட்டர். அங்கிருந்து மறுநாள் நடந்தால் காலா பத்தர் என்ற கருங்குன்று. எவரெஸ்டைக் கண்குளிரக் காண்கிற இடம். அதற்காகத்தான் நண்பன் இரண்டு வருஷமாக லீவு சேர்த்து வைத்திருந்தான்.

லோபுச்சேயில் இரவுச் சாப்பாடு வந்தது. நண்பன் தட்டைச் சற்றே தள்ளி வைத்தான். "காலையில் சேர்த்துச் சாப்பிடுகிறேன்" என்றான். தாய் தட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் டாக்டரைப் பார்த்தார். இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டதில் விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. நண்பகலிலிருந்து தலைவலி. வழியில் குடிக்கக் கொடுத்த தண்ணீர் பாட்டிலில் அப்படியே இருந்தது. முதல் நாள் இரவே சூப்பை விடுதி நாய்க்குக் கொடுத்திருக்கிறான். அன்று இரவு இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

உயரத்தில் பசி குறைவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் அதோடு தலைவலியும் குமட்டலும் சேர்ந்துவிட்டால் அது மலைநோய். அலட்சியம் செய்து மேலே ஏறினால் மூளை வீங்கும், அல்லது நுரையீரலில் நீர் கோக்கும். இரண்டும் ஓரிரு நாளில் ஆளைக் கொண்டுபோய்விடக் கூடியவை. மேற்கொண்டு ஏறாமல் நிற்பதுதான் முதல் மருந்து. நோய் மிஞ்சினால் இறங்குவது ஒன்றே வைத்தியம்.

பொழுது விடிந்ததும் நண்பன் வாதாடினான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு வேளை சாப்பிடவில்லை என்பதற்காகவா திரும்ப வேண்டும்? நீங்கள் போங்கள், நான் பின்னால் மெதுவாக வருகிறேன். எனக்கு ஒன்றுமில்லையடா!" என்றான். கண்ணில் நீர் நின்றது. பந்தியில் தட்டைத் தள்ளியவனை நான் அதுவரையில் பார்த்ததில்லை. அவன் கெஞ்சியும் பார்த்ததில்லை. தாய் பதில் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய பையை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினார். தங்கை மகன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் எல்லோருமே கீழே திரும்பினோம். காலா பத்தர் இடது தோளுக்குப் பின்னால் எங்கேயோ நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிச்சே என்ற ஊர் 4,370 மீட்டர். 1973 முதல் மலையேறுகிறவர்களுக்காக நடத்தப்பட்டு வருகிற சிறு மருத்துவ நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, நல்ல வேளையாக இறங்கினீர்கள் என்றார். சாயங்காலம் நண்பன் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இங்கே மோர் கிடைக்குமா?" என்று கேட்டான். மோர் கிடைக்கவில்லை. உருளைக்கிழங்கு சூப் கிடைத்தது. மிளகாய் வற்றலும் உப்பும் போட்டு இரண்டு கிண்ணம் குடித்தான். சரியாக 570 மீட்டர் கீழே அவனுடைய பசி அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது! தாய் காலிக் கிண்ணத்தைப் பார்த்து, அந்தப் பயணத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அங்கே எப்படிச் சாப்பிடுவது என்பதையும் அவரிடந்தான் கற்றோம். பசி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு வேளைக்குத் தட்டு நிறைய என்பது கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, சூடாக, அடிக்கடி. எண்ணெய்ப் பண்டத்தைவிட மாவும் சர்க்கரையும் நல்லவை. அநுபவம் சொன்ன இதற்கு டாக்டர் காரணம் சொன்னான். ஒரு லிட்டர் பிராணவாயுவைச் செலவழித்து மாவுப் பொருளை எரித்தால் சுமார் 5 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.7 தான். காற்றே காசாக இருக்கும் ஊரில் அந்த வித்தியாசமும் லாபம்தான். வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து உருட்டித் தின்கிற வழக்கம் திபெத்தில் உண்டு. 'சம்பா' என்று பெயர். நம் சத்துமாவுக்கு அண்ணன் முறை. அதில் இன்னொரு சௌகரியம்: சமைக்க வேண்டாம். 5,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் வைத்தாலும் பருப்பு வேகாது. அங்குள்ள விடுதிகளில் பிரஷர் குக்கருக்கு இருக்கிற மரியாதை நம் வீடுகளில்கூடக் கிடையாது.

கீழே உபவாசம் இருப்பதுதான் விரதம். அங்கே சாப்பிடுவதுதான் விரதம். மனம் ஒப்பாத வாயில், கடமை என்று நினைத்து, ஒவ்வொரு கவளமாகப் போட வேண்டும்.

வேடிக்கை பார்க்கப் போன எங்களுக்குப் பத்து நாள். 1984 முதல் சியாச்சின் பனிமலையில் காவல் இருக்கிற நம் வீரர்களுக்கு மாதக்கணக்கு. 2016 பிப்ரவரியில் சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் ஒரு முகாமின் மேல் பனி சரிந்து மாண்ட பத்துப் பேரில் பெரும்பாலோர் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். சரிவு அவர்களைக் கொன்றது. அதற்கு முன்னால் தினந்தோறும், பசி இல்லாமல், கடமைக்கு உண்டுதான் அவர்கள் அங்கே நின்றிருப்பார்கள். 1961-இல் மைசூரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கி, மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி முதலியவற்றைச் செய்து அனுப்பியது இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான். ஆனால் சப்பாத்தியைச் செய்து அனுப்பலாம். பசியைச் செய்து அனுப்ப இன்னும் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது எனக்கு மூன்று கிலோ குறைந்திருந்தது. உடம்பு இளைக்க இது நல்ல வழியாயிருக்கிறதே என்றார்கள் சிலர். அந்த நாட்டிக் பரிசோதனையில் குறைந்த எடையில் கொழுப்பு மூன்றில் ஒரு பங்குதான். மற்றவற்றில் பெரும்பகுதி தசை. உடம்பு வரவு இல்லாதபோது வீட்டுக் குப்பையை மட்டும் விற்பதில்லை. உத்தரத்தையும் சேர்த்து விற்கிறது. இதை நான் சொன்னதும் அவர்கள் வேறு பேச்சுப் பேசத் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டில் என் பெரியம்மா இருக்கிறாள். வயது 84. கொஞ்ச காலமாகவே, இலையைப் போட்டால், "பசிக்கலைடா, எடுத்துடு" என்கிறாள். பிடிவாதம் என்பார்கள் உறவினர்கள். வயதானால் பசியும் தாகமும் மங்கிப் போகும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த சமாசாரம். அவளும் எங்களுக்குத் தெரியாமல் ஒரு மலை ஏறிக்கொண்டிருக்கிறாள். அந்த மலையில் இறங்குவது என்ற வைத்தியம் கிடையாது. மற்றதெல்லாம் உண்டு. இரண்டு மணிக்கு ஒரு தடவை, அரைத் தம்ளர் கஞ்சி. சூடாக, வெல்லம் போட்டு. சில சமயம் மாவுருண்டை ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே கொடுக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் தம்ளரைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், "நேத்து வச்ச வத்தக்குழம்பு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

என் மனைவி அடுப்பை மூட்ட ஓடினாள். 'பிணி' என்று அதற்குப் பெயர் வைத்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சோறு இல்லாத வீட்டில் அது பிணியேதான். ஆனால் அன்று எங்கள் வீட்டுக்கு அது வெகு நாளைக்குப் பிறகு வந்த விருந்தாளி. பெரியம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்கும் கையை நீட்டினாள்.